லிரா விழுந்தால் சூப்பில் இறைச்சி குறையும்

உணவகத் தொழிலில் ஓர் இனம் உண்டு. அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காது, தன் கடையில் ஒரு வாய் சாப்பிடாது. ஆனால் ஐந்து நாட்டு விலைவாசியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். வட்டார இயக்குநர் என்று அட்டை அச்சடித்து வைத்திருக்கும். ருமேனியாவில் எங்கள் உணவகத்தின் டிமிஷ்வாராக் கிளையில் பதினொரு வருடம் சரக்கறையைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்களுக்கு வாய்த்தவர் பெயர் ஒக்டாவியன்.

மாதம் ஒருமுறை புக்கரெஸ்டிலிருந்து பறந்து வருவார். சுவரில் வரைபடங்களை ஒளிரவிட்டு, துருக்கியில் லிரா சரிந்ததால் அங்கே வந்த லாபம் யூரோவாக மாறுவதற்குள் கரைந்துபோகிறது என்பார். ஹங்கேரியில் விலைவாசி ஏறியதால் ஜனங்கள் வீட்டிலேயே சமைக்கிறார்கள் என்பார். போலந்தில் சம்பளம் உயர்ந்துவிட்டதால் பரிமாற ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை என்பார். எதுவும் பொய்யில்லை. அதுதான் கொடுமை. ஆனால் எந்த நாட்டில் எது ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய முடிவு ஒன்றுதான்: டிமிஷ்வாராவில் சோர்பா சூப்பில் இறைச்சியைக் குறைக்க வேண்டும்.

குறைத்தோம். லிரா விழுந்தபோது ஒரு கை குறைந்தது. போலந்தில் வட்டி ஏறியபோது சூப்பின் மேல் ஊற்றும் புளிப்புப் பாலேட்டில் தண்ணீர் சேர்ந்தது. பிறகு லிரா கொஞ்சம் தலைதூக்கியது. உடனே இறைச்சி திரும்பி வந்தது என்றா நினைக்கிறீர்கள்? "இதை நம்பி ஏமாந்துடக் கூடாது" என்று இன்னொரு கை குறைத்தார்.

அதைச் சமைக்க வேண்டியவள் வியோரிகா. திரும்பி வரும் கிண்ணங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. மார்ச் மாதக் கூட்டத்தில் அவள் சமையல் அங்கியோடு எழுந்து நின்றாள். மதியம் ஒரு மணி. எங்கள் நாற்பது மேசைகளில் மூன்றில்தான் ஆள் இருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், எட்டே மேசை போட்ட கடையில் இடம் கிடைக்காமல் வாசலில் கூட்டம் நின்றது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? எதிர்க்கடைக்காரன் எந்த நாட்டுல இருக்கான்?"

"என்னம்மா கேள்வி இது? ருமேனியாலதான்."

"அவனுக்கும் இதே விலைவாசிதானே? அவன்கிட்ட மட்டும் எப்படி சார் கூட்டம்?"

ஒக்டாவியன் இரக்கத்தோடு சிரித்தார். "அவனுக்கு ஒரு கடைம்மா. நான் அஞ்சு நாட்டைப் பாக்கணும்."

"பாருங்க சார். நடுவுல என் சூப்பையும் ஒரு வாய் பாருங்க."

கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கணினியில் சிந்திவிடப் போகிறது என்று அவர் அதைத் தள்ளிவைத்தார். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. இந்த வட்டாரத்தின் நிச்சயமற்ற பொருளாதாரச் சூழலை முன்னிட்டு வியோரிகா பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறாளாம். அங்கியை மடித்து என் கையில் கொடுத்தாள். "ஹங்கேரிக்காரங்க வீட்ல சமைக்கிறாங்களாம். அதுக்கு என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. என் பொண்ணுக்குப் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

இரண்டு வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் தெருவைக் கடந்தாள். எதிர்க்கடைக்காரர் ஒன்பதாவது மேசையை நடைபாதையில் போட்டார். எங்கள் மூன்று மேசைக்காரர்களும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். செப்டம்பரில் எங்கள் கிளையை மூடினார்கள்.

மூடியதற்கான காரணங்களை ஒக்டாவியன் அறுபது பக்கத்தில் எழுதினார். லிரா இருந்தது, ஹங்கேரியின் ஃபோரிண்ட் இருந்தது, உக்ரைன் போரால் ஏறிய சூரியகாந்தி எண்ணெய் இருந்தது. சூப்பு என்ற சொல் எங்கும் இல்லை. தலைமை அலுவலகம் மெச்சிப்போய் பல்கேரியாவையும் அவரிடம் கொடுத்தது. பாவம், அந்நாட்டுத் தலைநகர் சோஃபியாவின் சமையற்காரர்கள்.

எனக்கும் எதிர்க்கடையில் வேலை வாங்கிக் கொடுத்தவள் வியோரிகாதான். முதல் நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு எனக்காக நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?"

"அப்ப இருந்த நிலைமை அப்படி" என்றேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எந்த நாட்டு நிலைமை என்று கேட்கவில்லை.

நீங்கள் சிரித்தது போதும். நிலைமை சரியில்லை என்று நீங்கள் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? உங்களுக்கு மறந்திருக்கும். அவர்களுக்கு மறந்திருக்காது.