‘வேண்டாம்’ என்றால் விடாத திரை

‘வேண்டாம்’ என்ற சொல்லை வாழ்க்கையில் ஒருநாளும் நம்பாத மனிதர் வன்னியில் ஒருவர்தான். கிளிநொச்சியில் எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘உபசாரம்’. ஸ்கந்தபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர் இன்னும் பிறக்கவில்லை. வேண்டாம் என்பவரின் சோற்றுக் கோப்பையில்தான் இரண்டு அகப்பை கூடுதலாக விழும்.

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது, கணினிக்குத் தேவையான மென்பொருள்களை எடுத்து நிறுவித் தரும் ஒரு கருவி. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் அது அசையும். சனம் அதைக் கண்டாலே ஒதுங்கியது.

“ஆக்கள் பயப்படாத மாதிரித் திரையை மாத்துங்கோ. வட்டக்கச்சிக் கமக்காரர் சங்கத்திலை காட்டேக்கை பிழைச்சால், நீங்கள் வேறை வேலை பாக்க வேண்டியதுதான்,” என்றார் மனேஜர். திரையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்களை வெருட்ட மட்டும் நன்றாகத் தெரியும்.

உபசாரம் மாற்றினார். திறந்தவுடன், ‘வாங்கோ, இருங்கோ’. பிறகு, ‘இதைப் போடட்டோ?’ வேண்டாம் என்று அழுத்தினால், ‘முதல்லை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். போடட்டோ?’ மறுபடியும் வேண்டாம் என்றால், ‘சரி, கொஞ்சமாய்ப் போடுறன்’ என்று போட்டேவிடும். ஓம் என்றாலும் தப்ப முடியாது. ‘எனக்காண்டிச் சொல்லாதேங்கோ. உண்மையாய் வேணுமோ?’ விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்தத் திரையின் விருந்துக்கு அது போதாது.

“வேண்டாமெண்டால் வேண்டாந்தானே, ஐசே!” என்று மனேஜர் கத்தினார்.

“உங்கடை வீட்டை வந்த அண்டு தேத்தண்ணி வேண்டாமெண்டனான்,” என்றார் உபசாரம். “ நீங்கள் அதை நம்பிப்போட்டியள். வீடு போய்ச் சேருமட்டும் எனக்குத் தொண்டை காய்ஞ்சது.”

மனேஜர் அந்தத் திரையோடேயே வட்டக்கச்சிக்குப் புறப்பட்டார்.

வட்டக்கச்சியில் விவசாயிகள் சங்கத்துக் கிளாக்கர் அக்கா கணினிக்கு முன்னால் இருந்தா. கேள்விக்குமேல் கேள்வி வர, அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று அழுத்தினா. ‘பழைய மென்பொருளையும் அதிலுள்ள நெல் விபரங்களையும் அழிக்கட்டோ?’ அதற்கும் ஓம். திரை ஆறுதலாகக் கேட்டது: ‘எனக்காண்டிச் சொல்லாதேங்கோ. உண்மையாய் அழிக்கட்டோ?’

அக்கா அப்போதுதான் கண்ணாடியைப் போட்டு வாசித்தா. “ஐயோ, வேண்டாம்!”

‘முதல்லை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். அழிக்கட்டோ?’

அக்கா பாய்ந்து வயரைப் பிடுங்கினா. விபரங்கள் தப்பின.

“ஓமெண்டதை நம்பாதது நல்லது, தம்பி. வேண்டாமெண்டதையாவது நம்பச் சொல்லுங்கோ,” என்றா உபசாரத்திடம், மூச்சு வாங்கியபடி. அப்படி மாற்றித் தந்தால் கருவியை எடுப்பதாகச் சங்கமும் சொன்னது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் உபசாரத்துக்கு ரோசம் வந்துவிட்டது. “வேண்டாமெண்டதை நம்பிற இடத்திலை எனக்கென்ன வேலை? நான் போறன்.”

“போகாதேங்கோ,” என்றார் மனேஜர்.

“வேண்டாம், விடுங்கோ.”

மனேஜர் வழக்கம்போல அதை நம்பித் தன் அறைக்குப் போய்விட்டார். உபசாரமோ வாசலில் நின்று செருப்பு வாரைப் பூட்டினார், கழற்றினார், மறுபடியும் பூட்டப் பார்த்தார். நான் போய், “இருங்கோ, அண்ணை,” என்றேன். “வேண்டாம்,” என்றார். வார் இன்னும் பூட்டுப்படவில்லை.

“நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு இந்த இடம் சரிவராது, அண்ணை. இருங்கோவன்.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “சரி, கொஞ்சமாய் இருக்கிறன்,” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.