நான்கு பராக்கிரமசாலிகள்

“நான் மொதல்ல போக மாட்டேன் சார்,” என்றான் ராவணன்.

பத்துத் தலைக்கு அட்டை போதாததால் ஆறு தலையோடு ஆட்சி செய்யும் ராவணன் அவன். ஒன்பதாம் வகுப்பு, பெயர் அர்ஜுனன்.

“ஏண்டா?” என்றார் கவுஸ் பாஷா.

“கூத்துல பெரிய வேஷம் கடைசிலதான் சார் வரும். மொதல்ல வர்றவன் கட்டியங்காரன், கோமாளி.”

“அப்ப நான் இன்னா கோமாளியா?” என்று பீமன் கதாயுதத்தைத் தூக்கினான். இரணியனும் சூரபத்மனும் வாதம் செய்யவில்லை. பேசாமல் போய் வரிசையின் கடைசி இடத்தில் நின்றுகொண்டார்கள், இருவரும் ஒரே இடத்தில்.

திருவண்ணாமலையின் அந்தப் பள்ளியில் கவுஸ் பாஷா மூன்று வருடமாகத் தற்காலிக ஓவிய ஆசிரியர். நிரந்தர உத்தரவு சேர்ந்த வருடமே டைப் அடிக்கப்பட்டு, கமிட்டியின் நான்கு கையெழுத்துக்காகப் பியூன் ஆதிமூலத்தின் கக்கத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. “டெம்பரவரிக்கெல்லாம் பொண்ணு குடுக்கறதில்ல,” என்று அவர் மணக்க நினைத்த ஜாஹிராவின் அத்தா சொல்லியிருந்தார்.

“கமிட்டிக்கு உங்க திறமைல நம்பிக்கை வரணும் பாருங்க,” என்றார் தலைமை ஆசிரியர். “ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுங்க. நாலு பேரும் முன் வரிசைல இருப்பாங்க.”

நாடகத்தையும் கமிட்டியே தேர்ந்தெடுத்தது. தலைவர் ராவணன் வேண்டும் என்றார். செயலாளர் பீமன், தாளாளர் இரணியன், பொருளாளர் சூரபத்மன். நால்வரும் ஒரே கதையில் எப்படிச் சேர்வார்கள் என்ற அற்ப விஷயத்தை மட்டும் ஆசிரியரின் திறமைக்கு விட்டுவிட்டார்கள்.

கவுஸ் பாஷா சீட்டுக் குலுக்கினார். முதல் சீட்டு பீமனுக்கு விழுந்தது. மறுநாள் பீமனுக்கு வயிற்றுவலி. அதனால் முதல்வனாகிவிட்ட இரணியனுக்கும் வயிற்றுவலி. வாரக் கடைசியில் உலகை நடுங்கவைத்த நான்கு பேரும் வீட்டில் இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சரிடா, நாலு பேரும் ஒண்ணா வாங்க!”

வந்தார்கள். பீமனின் கதாயுதம் ராவணனின் மூன்றாவது, நான்காவது தலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இரணியனின் புஜக்கட்டை சூரபத்மனின் கிரீடத்தைக் கிழித்தது.

“எங்கம்மாகிட்ட சொல்றேன் பாரு!” என்று சூரபத்மன் ஓவென்று அழுதான்.

அன்று கவுஸ் பாஷா தத்துவத்தில் இறங்கினார். “தானா எவனும் பெரியவன் ஆவறதில்லடா. பக்கத்துல நிக்கறவன் பயந்து பாக்கணும், அப்பதான் பெரியவன். ஒருத்தன ஒருத்தன் மரியாதையா பாருங்க, போதும்.”

பையன்கள் அதை மனதில் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் திரைக்குப் பின்னால் பத்து நிமிடம் பேச்சுக்குரல்.

“நீங்க போங்க ராவணா.”

“சேச்சே, உங்களுக்கு முன்னாடியா? நீங்க போங்க பீமா.”

திரை பிடித்திருந்த இருவரில் ஒருவன், “கை வலிக்குது சார், நாங்க போயிடட்டா?” என்றான்.

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று பௌர்ணமி. ஜாஹிராவின் அத்தாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி கவுஸ் பாஷா ஜன்னல் வழியே பார்த்தார். மலையைச் சுற்றக் கிளம்பிய கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று திரும்பினார்.

“டேய், மலை சுத்தறாங்களே, அதுல யாரு மொதல்ல, யாரு கடைசி?”



“சுத்தறதுல ஏது சார் மொதல், கடைசி?” என்றான் சூரபத்மன்.

“அதேதான். திரை விலகறப்பவே நாலு பேரும் வட்டமா சுத்திக்கினு இருக்கணும். ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை.”

விழா ஐந்து மணிக்கு. ஐந்தரை வரை முன் வரிசையில் நான்கு சோபாக்களும் காலி. “இப்ப வந்துடுவாங்க, பசங்க கத்தறானுங்க, நீங்க ஆரம்பிங்க,” என்று வியர்வையைத் துடைத்தார் தலைமை ஆசிரியர்.

திரை விலகியது. நான்கு பராக்கிரமசாலிகளும் மலை சுற்றுகிறவர்களைப் போல் சுழன்றார்கள். ஒருவனுக்கு இன்னொருவன் வழிவிட்டான். ஒருவன் கர்ஜித்தால் மூவர் நடுங்கினார்கள். கைதட்டலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கவுஸ் பாஷாவின் கண்களில் மட்டும் நான்கு காலி சோபாக்கள்.

நாடகம் முடிந்து, கமிட்டிக்கு வாங்கிய மாலைகளைக் கவுஸ் பாஷா பெட்டியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது ஆதிமூலம் வந்தான். கக்கத்தில் அதே ஃபைல்.

“கமிட்டிக்காரங்க வரவே இல்லியே ஆதிமூலம்,” என்றார் கவுஸ் பாஷா. “என் திறமைய யாரு பாத்தா?”

“வரலன்னு யாரு சொன்னது? அஞ்சு மணிக்கே வந்துட்டாங்க சார். கேட்டாண்ட ஒரு காரு, ஒரு ஜீப்பு, ரெண்டு ஜட்கா. மத்த மூணு பேரும் உள்ள போனப்புறம்தான் எறங்குவேன்னு நாலு பேரும் வண்டியிலயே குந்திக்கினு இருக்காங்க.”

கவுஸ் பாஷா அவன் கக்கத்தில் இருந்த ஃபைலைப் பார்த்தார். ஆதிமூலம் அதை எடுத்துத் தூசி தட்டினான்.

“உங்க திறமைக்கு இன்னா சார் கொறச்சல்? இந்த ஆர்டர்ல நாலு பேருக்குமே சம்மதம்தான். கடைசிக் கையெழுத்து தன்னுதா இருக்கணும்னு, மூணு வருஷமா ஒருத்தரும் மொதக் கையெழுத்துப் போடல.”