மிதிபடகில் பெண் பார்த்த கதை

பிரீத்தியின் மிதிபடகு மறுபடியும் பின்னால் ஓடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த துடுப்புப் படகோ, இடிபட்ட இடத்திலேயே சாவகாசமாக நின்றது.

ஊட்டி ஏரியில் பெண் பார்க்கும் ஏற்பாடு அது. பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் பழைய பாணி, தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சசிகலா சொல்லிவிட்டார். கரை ஏறியதும் ஓட்டலில் தட்டு மாற்றப் போகிறார்கள். பிரீத்தியின் அப்பா ஆறுச்சாமி வாக்குக் கொடுத்தாயிற்று. ஆய்வுப் படிப்பை முடிக்காமல் கழுத்தை நீட்டப் பிரீத்தி தயாராக இல்லை. மாப்பிள்ளையே வேண்டாம் என்றால்தான் அப்பா விடுவார். போன் நம்பர் கேட்டதற்கு, பேச்செல்லாம் நிச்சயத்துக்கு அப்புறம் என்றுவிட்டார் சசிகலா. எனவே கரை சேர்வதற்குள், அந்தப் படகின் கடைசிப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்த ஆதித்யாவின் காதில் ஒரு வார்த்தை போட்டே ஆகவேண்டும்.

"ஏங்கண்ணு, முட்டுனா நம்ம போட்டு மட்டும் எதுக்கு இப்படி ஓடுது?" என்றார் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த அப்பா.

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளிடம் கேட்டால் சும்மா இருப்பாளா?

"ரெண்டு போட்டுக்கும் உந்தம் ஒரே அளவுதானுங்கப்பா. ஆனா எடை குறைஞ்சதுக்குத்தான் வேகம் ஜாஸ்தி. இயக்க ஆற்றலும் அதுக்குத்தான் அதிகமாப் போகும். அங்க ஆறு பேரு, இங்க நாம ரெண்டே பேரு."

அப்படியானால் எடையைக் கூட்ட வேண்டியதுதான். கரைக்குத் திரும்பி, மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருந்த சித்தப்பா தங்கமணியை ஏற்றினாள். அவர் ஆட்டோவில் ஏறினால் வேறு ஆள் ஏற முடியாது. படகு சாய்ந்து, அப்பாவின் பட்டு வேட்டி முழங்கால் வரை நனைந்தது. கிட்டே போய் ஆதித்யாவிடம் வாயைத் திறந்தாள். படகு இந்த முறை மெதுவாகத்தான் பின்வாங்கியது. ஆனாலும் பின்வாங்கியது.

போதும், திரும்பிவிடலாம் என்று அப்பா கெஞ்சினார். அவள் கேட்கிறவளா? எடை உதவாவிட்டால் வேகம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்று சித்தப்பாவையும் விரட்டினாள். மூவரும் மூச்சிரைக்க மிதித்தார்கள்.

மோதிய வேகத்தில் சசிகலாவின் பிளாஸ்க் கவிழ்ந்து, டீ முழுவதும் அவர் பட்டுப்புடவையில் கொட்டியது. பிரீத்தியின் படகு சுழன்றுகொண்டே போய்ப் புதருக்குள் செருகிக்கொண்டது.

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், இழுத்துவிடக் கயிற்றோடு வந்தது மாப்பிள்ளை வீட்டார் படகே என்று பார்த்ததும் அவளுக்கு மறுபடி நம்பிக்கை வந்துவிட்டது. அதில் துடுப்புப் போடும் மனுவேலிடம் சொன்னாள்:

"அண்ணா, இந்த வாட்டி ரெண்டு போட்டையும் சேத்துப் புடிச்சுக்குங்க. எடை வித்தியாசத்துல நாங்க ஓடிட்டே இருக்கறோம்."

மனுவேல் துடுப்பை நிறுத்தினார்.

"எடை கெடக்குதுங்க மேடம். நீங்க கிட்ட வர்றப்பல்லாம் கடைசிப் பலகைல இருக்கற இந்தத் தம்பிதான் காலை நீட்டி உங்க போட்டை ஒதைச்சுத் தள்ளிட்டே இருக்காருங்க."