பச்சை ஸ்வெட்டர் போட்ட டீ

தூத்துக்குடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜீவன் எது என்று கேட்டால், எங்கள் வீட்டு டீக் கப் என்று சொல்லுவேன். மனுஷன் பனியன் போடவே யோசிக்கிற ஊர் இது.

என் மனைவி எமில்டா, கொடைக்கானலில் இருக்கும் தங்கச்சி பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னினாள். பேரன் சின்னது, மிஞ்சின நூல் பெரிசு. அந்த நூலில் கப்புக்கெல்லாம் உறை பின்ன ஆரம்பித்தாள். முதலில் டீக் கப். அப்புறம் தம்ளர். அப்புறம் நான் வாய் கொப்பளிக்கிற மக். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வீடு முழுக்க உறை. டீ ஆறுவதே இல்லை, நாக்கு வெந்துபோகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த டீயில் சீனியும் கிடையாது. டாக்டர் நிறுத்திவிட்டார். வீட்டில் நான் ரொம்ப நல்ல பிள்ளை. சாயங்காலம் துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது மட்டும், சிவனாண்டி அண்ணாச்சி கடையில் ரெண்டு கரண்டி சீனி போட்டு ஒரு டீ. எமில்டாவுக்குத் தெரியாமல் நான் அனுபவிக்கிற ஒரே இன்பம் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு தீர்மானித்தேன். இந்த உறைகளை வீட்டைவிட்டு விரட்டியே தீருவது.

“ஏளா, இதெல்லாம் சிவனாண்டி அண்ணாச்சி டீக்கடைக்குக் கொடுத்திருவமா?”

“அங்க எதுக்கு?”

“கிளாஸு என்னமாச் சுடுது தெரியுமா! விளிம்புல ரெண்டு வெரலால பிடிச்சித்தான் குடிக்க வேண்டியிருக்கு.”

“யாருக்கு?”

“ஆளுகளுக்கு.”

“எத்தன கிளாஸு இருக்கும்?”

“பதினாலு. அதுல ஒண்ணு வாய் ஒடஞ்சது, அதுக்கு வேண்டாம்.”

எமில்டா ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“சரிங்க. காலையில நானே போய்க் கொடுத்துட்டு வாரேன்.”

இவ்வளவு சுளுவாக முடியும் என்று நினைக்கவே இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். எல்லார் கையிலும் சிவப்பும் மஞ்சளுமாக ஸ்வெட்டர் போட்ட கிளாஸ். எனக்கு மட்டும் பச்சை. ஒரு வாய் குடித்தேன். கஷாயம்.

“அண்ணாச்சி, சீனி மறந்துட்டீங்க.”

“மறக்கலவே. செவப்புன்னா நெறயச் சீனி. மஞ்சன்னா கம்மி. பச்சன்னா கெடயாது. எமில்டா தங்கச்சிதான் பிரிச்சிக் கொடுத்துட்டுப் போனா. இந்தக் கடையில பச்ச ஒண்ணே ஒண்ணுதான். அது ஒமக்கு.”

“நான் இங்க வாரத அவகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“நானா? கிளாஸு பதினாலு, ஒண்ணு வாய் ஒடஞ்சதுன்னு அவல்லா எனக்குச் சொன்னா!”

“போகட்டும், செவப்புல ஒண்ணு ஊத்துங்க.”

“தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்வே. குடியும்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்தேன். திருநெல்வேலி ரோட்டில், எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை வரைக்கும் ஒரே விரட்டு. முன்பின் பார்த்திராத கடை. முன்பின் பார்த்திராத கடைக்காரர். நிம்மதியாக பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, டீ ஒண்ணு. சீனி தூக்கலா.”

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

“ஹென்றியா?”

“ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சிவனாண்டி எனக்கு மச்சான்லா. ஒம்ம போட்டோவ எங்க சொந்தக்காரங்க கடை எல்லாத்துக்கும் அனுப்பியிருக்கான். இது மத்தியானம் பஸ்ஸுல வந்துச்சு.”

ஆணியில் தொங்கிய பச்சை உறையை எடுத்து ஒரு கிளாஸுக்கு மாட்டினார். சீனி டப்பாவை மூடி அந்தப் பக்கம் தள்ளிவைத்தார்.

“நூல் இன்னும் மிச்சம் இருக்காம்வே. ஆறுமுகநேரி கடை வரைக்கும் எட்டுமாம்.”