எக்ஸ்ரே அறையில் அமாவாசை

காஞ்சிபுரம்
18-1-68

சிரஞ்சீவி தம்பி தர்மனுக்கு அண்ணன் கண்ணாயிரம் ஆசீர்வாதம். இங்கே என் மரியாதை நீங்கலாக எல்லாம் சௌக்கியம். அங்கே உன் இருமல் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

ஆறு வாரமாக இருமுகிறாய். மார்பைப் படம் எடுக்க இன்னும் நாள் குறித்துத் தரவில்லையே என்று கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்கு நாள் குறிக்கும் குமாஸ்தா உன் அண்ணன் என்று முசரவாக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். அந்தக் குமாஸ்தாவின் லட்சணத்தைக் கேள்.

இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் நெசவாளர்கள். எந்த நாள் குறித்தாலும் தறியில் சேலை இருக்கிறது என்பார்கள். அமாவாசையன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது என்பதை, பத்து வருஷம் இங்கே குடியிருந்த பிறகு நான் கண்டுபிடித்தேன். உடனே மார்கழி அமாவாசைக்கு இருபத்திரண்டு பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, இப்படி ஒரு மூளை குமாஸ்தா வேலையில் வீணாகிறதே என்று வருத்தமும் பட்டேன். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். படம் எடுக்கும் பரசுராமன் வரவில்லை. அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தறியை விட்டு வந்தவர், அமாவாசையை விட்டு வரவில்லை. பதிவேட்டைப் புரட்டினால் எல்லா அமாவாசைக்கும் அவருக்கு லீவு, எழுதியிருப்பது என் கையெழுத்தில். பெரிய டாக்டர் அத்தனை பேர் முன்னால், "ஆளுங்கள வரச் சொல்லிட்டியே, நீயே படம் புடிப்பியாப்பா?" என்று கேட்டார்.

பிறகு பரசுராமன் வீட்டுக்கு நாலு நாள் நடந்தேன். கடைசியில் அவர் மனைவி கமலவேணியம்மாளுக்கே மனசு இளகிவிட்டது. "இந்த ஒரு அமாவாசைக்குப் போய்ட்டு வந்துடுங்க. தெனம் வந்து நின்னுக்கினு இருக்கறாரு" என்றார். ஆகவே வருகிற அமாவாசை, 29-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு முதல் சீட்டு உனக்கு. ஆள் உண்டு, ஃபிலிம் உண்டு. இனி ஒரு குறையும் இல்லை. கிருஷ்ணவேணிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கண்ணாயிரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அது தை அமாவாசையாச்சே. மாமாவுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்க நீங்க ரெண்டு பேரும் திருமுக்கூடல் போவணுமே" என்றாள். போன மாதமே அன்றைக்கு நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், உன் சீட்டை எழுதிய அதே மேசையில் உட்கார்ந்து. ஆனாலும் நாளை மாற்ற மாட்டேன். அப்பாவும் இப்படித்தான் அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று இருமிக்கொண்டே தள்ளிப்போட்டார். படம் எடுக்காமலே போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. லீவை அரை நாளாக்கிக்கொள்கிறேன். நீ முதலில் இங்கே வா, பிறகு இருவருமாக ஆற்றுக்குப் போவோம். ஏன் தாமதம் என்று அப்பா கேட்டால், ஈரம் காயாத உன் படத்தைத் தூக்கிக் காட்டிவிடலாம்.