நல்ல நேரத்தில் திறந்த போன்

புதுப் போன் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசம் வருமே, இன்னும் யார் கையும் படாத வாசம், அது வந்தாலே எனக்குக் காது மடல் சூடாகிவிடும். வருஷங்கள் போயும் ஆறாத வெட்கம்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா வீடு. அவள் மகள் சுதாவைப் பெண் பார்க்க ஏற்பாடு. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. தாய் தகப்பன் நேரில் வருவார்கள்; பையன் ஞாயிறு நம் மூன்றரைக்கு, அங்கே அவனுடைய சாப்பாட்டு இடைவேளையில், வீடியோவில் பார்ப்பான். தவறினால் அவர்களுக்கு உக்குவளையில் இன்னொரு பெண்ணின் ஜாதகம் தயாராக இருந்தது.

அக்காவின் போன் உடைந்து கிடந்ததால், புதியது தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. (நாலு வரி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் அப்பாவிக் குடும்பம்.) மூன்று கிழமை, முழுசாக இருபத்தொரு நாள், ஆராய்ந்தேன். பனியைப் பனியாகவே காட்டும் கேமரா, முகத்தை நிலவாக்கும் வசதி, இரண்டு நாள் தாங்கும் பேட்டரி. மாத்தளைப் போன் கடை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்குது தம்பி? இது வெளிநாட்டுக்குச் செஞ்ச செட். மலைப்பக்கம் சில டவர் இதுக்குப் புடிக்காது. முதல்ல சிம்மப் போட்டுப் பாருங்க, எடுக்காட்டி மாத்தித் தாறேன்."

"எல்லா சிம்மும் எடுக்கும் நானா. நான் படிச்சுட்டுத்தான் வந்தேன்."

படித்தவன் அடுத்துச் செய்தது: பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளையார் படத்தடியில் வைத்து, நல்ல நேரம் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று காவல் இருந்தது. சுதா இரண்டு முறை கேட்டாள், "ஒருதடவ போட்டுப் பாப்போமா மாமா?" முறைத்தேன்.

மூன்றரைக்கு, எல்லார் முன்னாலும் திறந்தேன். அக்காவின் சிம்மைப் போட்டேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வந்தவர்களின் போன்களோ வேறு கம்பெனி. அந்த மலையில் அவையும் ஊமை. வடை ஆறிக்கொண்டிருந்தது.

"மேல பாறையில எடுக்கும்" என்று யாரோ சொல்ல, ஓடினேன். தேயிலைக்குள் விழுந்து, எழுந்து, நெற்றியில் அட்டை ஏறிக் கடித்து, பாறை உச்சியில் போனைத் தூக்கிப் பிடித்தபோது மணி அடித்தது. எடுத்தேன். மாப்பிள்ளையின் முகம். அவனுக்குத் தெரிந்ததோ, நிலவாக வெளுத்த என் முகமும் அதில் வழிந்த ரத்தமும்.

"நீங்க... யாருங்க?"

"மாமா" என்றேன். இணைப்பு அறுந்தது.

திரும்பி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை மடிக்கு எடுத்துவிட்டார். சுதா மட்டும் எழுந்து வந்து, சேலையில் குத்தியிருந்த ஊசியால் சிம்மைக் கழற்றி, தகப்பனின் பழைய பட்டன் போனில் போட்டாள். மாப்பிள்ளையின் நம்பருக்கு அவளே அடித்தாள். குசினிக்குள், அடுப்படியில் நின்று, இடைவேளை முடியும்வரை பேசினாள். வெளியே வந்தபோது அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். கைப்பை கீழே இறங்கியது.

இன்றும் எங்கள் குடும்பத்தில், பார்க்க அழகாயிருந்து ஒன்றுக்கும் உதவாத எதற்கும் 'மாமா செட்' என்றுதான் பெயர். சுதாவின் புருஷன்தான் அதை அதிகம் சொல்கிறவன்.

அன்று கடைசி பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட வந்த சுதா, பெட்டியைத் திரும்ப என் கையில் வைத்துச் சொன்னாள்:

"மாப்ளயப் பாக்காமலே நான் முடிவு பண்ணிட்டேன் மாமா. போனை மட்டும் இனி போட்டுப் பாத்து நானே வாங்கிக்கிறேன்."