சுண்டு சாப்பிட்ட மைனஸ் இருபது கிராம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி கைகூப்பி எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள், மாமாவின் முழங்கால் வலியும் தேவலையாகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் என்ன சொன்னாய்? "கரண்டியைத் தூக்கி உள்ள வைடா. சாப்பாட்டைக் குழந்தை முன்னாடி வை, அதுவே எடுத்துத் தின்னும். நீயும் பக்கத்துல உக்காந்து சாப்பிடு. நிம்மதியா இருப்பே." குழந்தைகள் வார்டில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கிறவள் சொல்கிறாளே என்று நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? என் மனைவி பிரசவ விடுப்பு முடிந்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போய்விட்டாள். எட்டு மாதக் குழந்தையும் சலவைக் கடையும் என் தலையில். ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கைச் சுண்டுவுக்கு ஊட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். காக்காய் காட்டினேன், நாய் மாதிரி குரைத்தேன், இஸ்திரிப் பெட்டியோடு ஆடினேன். கடைக்கு வந்தவர்கள் நின்று ரசித்தார்களே தவிர, ஒருவருக்கும் துணி கிடைக்கவில்லை.

சரி என்று கரண்டியை உள்ளே வைத்தேன். நீ சொன்னபடியே கேரட்டைக் குழைய வேகவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்தேன். எடுத்தாள், உற்றுப் பார்த்தாள், தலையில் தேய்த்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு சுவருக்குப் போயிற்று. வாழைப்பழத்தைப் பற்றி உனக்குத் தெரியாது அக்கா, கறையோடு குடும்பம் நடத்துகிற எனக்குத் தெரியும், பார்க்கச் சாது, காய்ந்தால் கறுத்துப்போய் எந்த மருந்துக்கும் அசையாது. மூன்றாம் நாள் ஓங்கரித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் தானே வெளியே தள்ளிவிடும், பதறாதே என்றாயே, தள்ளினாள். அது போய் ஒட்டியது அப்போதுதான் மடித்து வைத்த வக்கீலின் வெள்ளைச் சட்டையில். அதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

பால் குடிக்கிறாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாப்பாடு உள்ளே போகிறதா இல்லையா? துணியை எடை போட்டு வாங்குகிறவன் புத்தி வேறெங்கே போகும்? தட்டில் வைப்பதற்கு முன் கடைத் தராசில் எடை போட்டேன். அவள் எழுந்த பிறகு தரை, நாற்காலி இடுக்கு, கழுத்து மடிப்பு, காது என்று எல்லா இடத்திலிருந்தும் வழித்துத் திரட்டி மறுபடி எடை போட்டேன். வைத்தது இருநூறு கிராம். திரட்டியது இருநூற்றிருபது. அக்கா, என் மகள் மைனஸ் இருபது கிராம் சாப்பிட்டிருக்கிறாள்! எச்சிலும் சிந்திய தண்ணீரும் சேர்ந்திருக்கும் என்று மனசு சொல்கிறது. தராசு அப்படிச் சொல்லவில்லையே.

துணிக்குச் சீட்டுக் கட்டுகிற பழக்கதோஷம், அந்தக் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதி, கொடியில் காய்ந்த அவளுடைய கழுத்துத் துணியில் கட்டிவிட்டேன். சாயங்காலம் வேலை விட்டு வந்த என் மனைவியின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

"ஏங்க, இது யாரோட எடை?"

"சாப்பாட்டோட எடை."

"மைனஸ்னு போட்டிருக்கு?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை தடுப்பூசிக்குப் போறப்ப எடை பாப்பாங்க. கூடியிருக்கலேன்னா நான் வேலைய விட்டுடறேன்" என்றாள்.

அந்த கிரேனுக்காக அவள் ஆறு வருடம் மல்லுக்கட்டியவள் அக்கா. நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். முதல் நாள் மேலே ஏறி உட்கார்ந்து எனக்கு போன் போட்டாள், பேச்சே வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. என் கேரட்டால் அவள் அங்கிருந்து இறங்கி வந்தாள் என்றால் நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பேன்?

நேற்று திருட்டுத்தனமாகக் கரண்டியை எடுத்தேன். சுண்டு வாயைப் பூட்டிக்கொண்டு, கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். இஸ்திரிப் பெட்டியின் கீழே தாசில்தாரின் பேன்ட் தீய்ந்தது.

ஆகவே இதைக் கண்டவுடன் லீவு போட்டுவிட்டு வா. தப்பு உன் முறையின் மேல்தான், என் மேல் இல்லை என்று என் மனைவியிடம் நீயே சொல்லு. மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்களாவது வயிறாரச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
வாடிப்போன உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமையும் வந்து போய்விட்டது. சுண்டு நானூறு கிராம் கூடியிருக்கிறாள். மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். எடை பார்த்த நர்ஸ், "யாரு ஊட்டறீங்க?" என்றாள். "யாரும் ஊட்டறதில்ல, அவளே சாப்பிட்டுக்கறா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வாசலுக்கு வந்ததும் என் மனைவி விக்கி விக்கி அழுதாள். "நல்ல சேதிதானேம்மா?" என்றேன். "கூடியிருக்காது, அதைச் சாக்கா வச்சு வீட்டுல இருந்துடலாம்னு நெனச்சிருந்தேங்க. என் கையால நாலு வாய் ஊட்டறதுக்குள்ள, யாரும் வேணாம்னு ஆயிட்டாளே" என்றாள். இன்று காலை வழக்கம்போல கிரேனுக்குப் போய்விட்டாள். இப்போது மதியம், சுண்டு சாப்பிடுகிறாள். எதிரில் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைக்கு அப்பா அம்மா கொஞ்சமாவது தேவைப்படுகிற முறை ஏதாவது உன் வார்டில் இருந்தால் எழுது அக்கா. கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை.